லினக்ஸில் பழைய டயல்-அப் மோடம் வாய் திறக்கவில்லை: எங்கிருந்து தேடுவது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் அருகேயுள்ள டோங்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். மாமாவின் கரும்புத் தோட்டத்தில் ஆற்றோரப் பம்ப் ஹவுஸில் பழைய கன்ட்ரோலர் ஒன்று இருக்கிறது. பம்ப் எத்தனை மணி நேரம் ஓடியது, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் போன் லைன் வழியாக அது சொல்லும். அங்கே ஒரு மோடம், வீட்டில் ஒரு மோடம். வீட்டில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி போய்விட்டது. அதனால் லினக்ஸ் மின்ட் 21 போட்ட லேப்டாப்பில் மலிவான யூஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்றை வாங்கி, அதே யூஎஸ் ரோபாட்டிக்ஸ் ஸ்போர்ட்ஸ்டர் மோடத்தை மாட்டியிருக்கிறார். சீரியல் போர்ட்டோடு பேச உதவும் மினிகாம் என்ற நிரலைத் திறந்து, மோடத்தை எழுப்பும் கட்டளையான ஏடி என்று அடித்து என்டர் தட்டினால் வெறும் கறுப்புத் திரை. "லைன் போய்விட்டதா? லினக்ஸுக்கு இந்த மோடம் ஒத்துவராதா? இல்லை, பழைய கணினிக்குள் இருந்த மோடம் கார்டைக் கழற்றி வேறொரு டெஸ்க்டாப்பில் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்கிறார்.

கேள்வி மூன்றாக இருந்தாலும் தேட வேண்டிய இடம் ஒன்றுதான். நீங்கள் அடித்த அந்த இரண்டு எழுத்தும் லேப்டாப்பிலிருந்து மோடம் வரை போகிற வழியில் எங்கே காணாமல் போகின்றன, அல்லது மோடம் சொன்ன பதில் திரும்பி வருகிற வழியில் எங்கே நின்றுபோகிறது? அதைக் கண்டுபிடித்தால் போதும். போன் லைனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லைன் வெட்டப்பட்டிருந்தாலும், சுவரில் செருகியே இருக்காவிட்டாலும், மின்சாரம் உள்ள மோடம் ஏடி என்றால் ஓகே என்று சொல்லியாக வேண்டும். ஆகவே முதல் வேலையாகப் போன் கம்பியைப் பிடுங்கி ஓரமாக வையுங்கள். கணினிக்கும் மோடத்துக்கும் நடக்கும் பேச்சு ஒன்று, மோடத்துக்கும் லைனுக்கும் நடக்கும் பேச்சு வேறொன்று. டர்பன் பக்கம் அலாரம் பேனல், பம்ப் டெலிமெட்ரி என்று இந்தப் பெட்டிகளோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதி நாள் வீணாகிறது.

லினக்ஸ் ஒத்துவருமா என்ற சந்தேகத்தை இப்போதே தீர்த்துவிடலாம். வெளியே தனிப் பெட்டியாக, தனி மின் இணைப்போடு, சீரியல் கேபிளில் வேலை செய்யும் மோடத்துக்கு டிரைவரே தேவையில்லை. அது ஏடி கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் முழு மோடம். 1981-ல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தோடு வந்த அந்தக் கட்டளை முறையை இன்றைய 4ஜி மோடம்கள்கூடப் பின்பற்றுகின்றன. கணினிக்கு வேண்டியது ஒரு சீரியல் போர்ட் மட்டும். உங்கள் விஷயத்தில் அந்தப் போர்ட்டாக இருப்பது யூஎஸ்பி கேபிள். எனவே லினக்ஸ் பக்கத்தில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கேபிளையும் அதைச் சுற்றியுள்ள சில சில்லறை விஷயங்களையும்தான்.

இனிமேல் வரும் கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி செருகி, உடனே டெர்மினலில் சூடோ டிமெஸ்ஜ் என்று கொடுத்து கடைசி வரிகளைப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால், இந்தச் சிப்பின் கன்வர்ட்டர் டிடிஒய்-யூஎஸ்பி-0 என்ற பெயரில் இணைக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். சிப் எஃப்டிடிஐ ஆகவோ, பிஎல்2303 ஆகவோ, சிஎச்340/341 ஆகவோ இருக்கலாம். எல்லாவற்றுக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. ஆனால் அந்த வரியோடு நிறுத்திவிடாமல் அதற்குக் கீழேயும் பாருங்கள். உபுண்டு 22.04-ல் பலரைச் சுற்றவிட்ட ஒரு தொல்லை உண்டு. மின்ட் 21 அதன் மேல் கட்டப்பட்டதுதான். பிஆர்எல்டிடிஒய் என்று ஒரு நிரல். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் திரைக் கருவிகளுக்கானது. சிஎச்340 சிப் உள்ள கேபிளைப் பார்த்தால், அதைப் பிரெய்ல் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். இணைக்கப்பட்டது என்ற வரிக்குக் கீழேயே பிஆர்எல்டிடிஒய் பெயரோடு ஒரு வரி, அதையடுத்து இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று இன்னொரு வரி, இப்படி வந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம். வீட்டில் பிரெய்ல் கருவி பயன்படுத்துபவர் யாரும் இல்லையென்றால் அந்தப் பொதியை நீக்கிவிட்டுக் கேபிளை மறுபடி செருகுங்கள். மலிவான கேபிள் என்று நீங்களே சொல்லியிருப்பதால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். சந்தேகம்தான், அந்த வரியைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, மினிகாம் எந்தப் போர்ட்டைத் திறந்திருக்கிறது என்பது. டெவ் அடைவில் டிடிஒய்-எஸ்-0, டிடிஒய்-எஸ்-1 என்று வரிசையாகக் கோப்புகள் இருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். சீரியல் போர்ட்டே இல்லாத லேப்டாப்பிலும் அவை இருக்கும். கோப்பு இருக்கிறது என்பதால் பின்னால் வன்பொருள் இருக்கிறது என்று ஆகாது. ப்ராக் அடைவுக்குள் டிடிஒய், அதற்குள் டிரைவர், அதற்குள் சீரியல் என்ற கோப்பை சூடோவோடு படித்துப் பாருங்கள். யூஆர்ட் அன்னோன் என்று எழுதியிருக்கும் வரிகளெல்லாம் வெறும் பெயர்ப்பலகை. உண்மையான போர்ட்டுக்கு 16550ஏ என்று சிப்பின் பெயரும், போர்ட் முகவரியும், அனுப்பிய பெற்ற எழுத்துகளின் கணக்கும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது டிடிஒய்-யூஎஸ்பி-0. மினிகாமை மைனஸ் எஸ் சேர்த்துத் திறந்து, சீரியல் போர்ட் அமைப்பில் அந்தப் பெயரைக் கொடுங்கள். வேகம் 9600 அல்லது 19200, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட்.

அதே பக்கத்தில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் என்று ஒரு வரி இருக்கும். வழக்கமாக அது 'ஆம்' என்றே இருக்கும். சோதனை முடியும்வரை அதை 'இல்லை' என்று மாற்றுங்கள். 'ஆம்' என்றிருந்தால், எதிர்ப் பக்கத்திலிருந்து சிடிஎஸ் என்ற சமிக்ஞை வரும்வரை கணினி ஓர் எழுத்தைக்கூட வெளியே விடாது. உள்ளே மூன்றே கம்பி ஓடும் மலிவுக் கேபிளில் அந்தச் சமிக்ஞை வரவே வராது. நீங்கள் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், எல்லாம் உள்ளேயே தேங்கி நிற்கும். பிழைச் செய்தியும் வராது. கறுப்புத் திரைக்கு நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான்.

அனுமதிப் பிரச்சினையைப் பற்றி இணையத்தில் நிறைய எழுதியிருப்பார்கள். உங்கள் பயனர் பெயர் டயல்-அவுட் குழுவில் இருக்க வேண்டும், சேர்த்த பின் ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது இல்லையென்றால் மினிகாம் திறக்கவே மறுத்து, அனுமதி இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடும். உங்களுக்குத் திரை திறக்கிறது. ஆகவே இது இல்லை. மோடம்மேனேஜர் என்ற சேவையைச் சற்றுக் கவனிக்கலாம். புதிதாக வந்த போர்ட்டைத் தொட்டுப் பார்த்து, அங்கே மொபைல் மோடம் இருக்கிறதா என்று சோதிப்பது அதன் வேலை. அது போர்ட்டில் இருக்கும் நேரத்தில் நீங்களும் நுழைந்தால் பதில் இரண்டு பேருக்கும் பங்கு பிரிந்துவிடும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் மோடம்மேனேஜர் என்று கொடுத்து நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். பெயரில் எம் இரண்டும் பெரிய எழுத்து.

இவ்வளவும் செய்த பிறகு, மோடத்தைத் தொடாமலே ஒரு சோதனை செய்யலாம். இதை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். யூஎஸ்பி கேபிளின் ஒன்பது ஊசி முனையை உங்கள் முகத்துக்கு நேராக, ஐந்து ஊசி வரிசை மேலே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து எண்ணினால் இரண்டாவதும் மூன்றாவதும்தான் பெறும் கம்பியும் அனுப்பும் கம்பியும். ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து அந்த இரண்டு ஊசியை மட்டும் தொடும்படி வையுங்கள். மினிகாமில் லோக்கல் எக்கோ (அடித்ததை மினிகாமே திரையில் காட்டும் வசதி) அணைந்திருக்க வேண்டும். இப்போது ஏதாவது அடித்தால் அடித்த எழுத்து திரையில் தெரியும். கிளிப்பை எடுத்தால் தெரியாது. அப்படி நடந்தால் லேப்டாப், டிரைவர், அனுமதி, போர்ட்டின் பெயர், கேபிளின் சிப் எல்லாமே சுத்தம். இனிமேல் லினக்ஸைக் குறை சொல்ல முடியாது. எழுத்து திரும்பவில்லையென்றால் மோடத்தை அப்படியே விட்டுவிட்டு மேலே சொன்னவற்றுக்குத் திரும்புங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: ஆர்டுயினோ போன்ற சிறு பலகைகளுக்கென்று விற்கும் யூஎஸ்பி துண்டுகள் வேறு வகை. அவை 3.3 அல்லது 5 வோல்ட்டில் பேசுபவை. ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் முறையில் பேசும் மோடத்தின் கம்பியில் மைனஸ் பக்கமும் மின்னழுத்தம் போகும். அந்தத் துண்டைக் கொண்டுபோய் மோடத்தில் மாட்டினால் துண்டுதான் போகும்.

இனி மோடம் பக்கம். வெளி மோடத்தின் பெரிய வசதி அதன் முகத்திலுள்ள விளக்குகள். உள் கார்டில் இந்தச் சுகம் கிடையாது. எம்ஆர் எரிந்தால் மோடத்துக்கு மின்சாரம் இருக்கிறது. அது எரியவில்லையென்றால் முதலில் அடாப்டரைப் பாருங்கள். அந்தக் காலத்து மோடம்கள் பலவற்றின் அடாப்டர் ஏசி வெளியீடு கொடுப்பது. வீட்டில் கிடக்கும் ரூட்டரின் டிசி அடாப்டர் துளைக்குள் பொருந்துகிறதே என்று செருகிவிடாதீர்கள். மின்வெட்டு நேரத்தில் எந்த அடாப்டர் எதற்கு என்று தெரியாமல் மாறிப்போன வீடுகள் நம் ஊரில் நிறைய. மோடத்தின் அடியிலுள்ள சீட்டில் எழுதியிருப்பதும் அடாப்டரில் அச்சடித்திருப்பதும் ஒத்துப்போக வேண்டும்.

மினிகாமைத் திறந்தவுடன் டிஆர் விளக்கு எரிய வேண்டும். கணினி தயார் என்று டிடிஆர் கம்பி வழியாகச் சொல்வதன் அடையாளம் அது. ஸ்போர்ட்ஸ்டரின் சாதாரண அமைப்பில் டிடிஆர் இல்லாமல் மோடம் கட்டளையே ஏற்காது. அடுத்து ஏடி என்று மெதுவாக அடியுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் எஸ்டி விளக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டும். எழுத்து மோடத்துக்குள் போய்ச் சேர்ந்தது என்று அதற்கு அர்த்தம். மோடம் பதில் சொன்னால் ஆர்டி சிமிட்டும். இந்த இரண்டு விளக்கைப் பார்த்தே குற்றவாளி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். எஸ்டி சிமிட்டவே இல்லை, டிஆரும் எரியவில்லை என்றால் கேபிள்தான். எஸ்டி சிமிட்டுகிறது, ஆர்டி அசையவில்லை என்றால் மோடம் கேட்கிறது, ஆனால் வாய் திறக்கவில்லை. அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். இரண்டும் சிமிட்டியும் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் திரும்பி வரும் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது வேறொரு நிரல் பதிலை வாங்கிக்கொள்கிறது.

கேபிள் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மோடத்துக்கு வேண்டியது நேர்க் கம்பி. இரண்டு கணினியை ஒன்றோடொன்று இணைக்கப் பயன்படும் நல்-மோடம் கேபிளில் அனுப்புவதும் பெறுவதும் குறுக்காக மாற்றியிருக்கும். பெயரில் மோடம் இருப்பதால் கடைக்காரரே இதைத்தான் எடுத்துக் கொடுப்பார். இன்னொரு சிக்கல், முன்பு சொன்ன கிளிப் சோதனையைக் கேபிளின் மறுமுனையில் செய்தால் நல்-மோடம் கேபிளும் தேறிவிடும். குறுக்கே மாற்றினாலும் இரண்டு கம்பியும் அதே இரண்டுதானே. எனவே கேபிளின் வகையைத் தீர்மானிக்க விளக்குகளையே நம்புங்கள், அல்லது மல்டிமீட்டரால் ஊசிக்கு ஊசி பாருங்கள். ஒன்பது ஊசி முனையில் மூன்றாவது, மோடம் பக்கத்து இருபத்தைந்து ஊசி முனையில் இரண்டாவதோடு சேர்ந்திருக்க வேண்டும். ஒன்பதில் இரண்டாவது, இருபத்தைந்தில் மூன்றாவதோடு. எண் மாறுவதைப் பார்த்துக் குறுக்குக் கேபிள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரண்டு வகை முனைக்கும் எண் வரிசையே அப்படித்தான்.

எஸ்டி சிமிட்டியும் மோடம் மௌனமாக இருந்தால், ஸ்போர்ட்ஸ்டரின் பின்புறம் வரிசையாக உள்ள எட்டு குட்டி டிப் ஸ்விட்சுகளைப் பாருங்கள். மூன்று, ஐந்து, எட்டு கீழே, மற்றவை மேலே என்பது தொழிற்சாலை நிலை. எட்டாவது மேலே போயிருந்தால் மோடம் எந்த ஏடி கட்டளையையும் கண்டுகொள்ளாது. மூன்றாவது மேலே இருந்தால் கட்டளையை நிறைவேற்றும், ஆனால் ஓகே என்று திருப்பிச் சொல்லாது. இரண்டாவது கீழே இருந்தால் ஓகே என்பதற்குப் பதிலாக வெறும் 0 வரும். அதைப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்விட்சை மாற்றினால் மோடத்தை அணைத்து மறுபடி போட வேண்டும், ஏனென்றால் மின்சாரம் வரும்போதோ ரீசெட் ஆகும்போதோதான் அது ஸ்விட்சுகளைப் படிக்கும். பழைய விண்டோஸ் மென்பொருள் ஏதாவது அமைப்பை மோடத்துக்குள் சேமித்துவிட்டுப் போயிருப்பதும் சாத்தியம். திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஏடி&எஃப் என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்து என்டர், பிறகு ஏடிஈ1க்யூ0வி1 என்று அடித்து என்டர். இது எக்கோவைத் திறந்து, பதிலைத் திறந்து, சொற்களாகச் சொல்ல வைக்கும். ஏ, டி இரண்டும் பெரிய எழுத்தாகவோ இரண்டும் சிறிய எழுத்தாகவோ இருக்க வேண்டும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக அடித்தால் மோடம் சட்டை செய்யாது; உங்கள் வேகத்தை அது அளப்பதே அந்த இரண்டு எழுத்தை வைத்துத்தான்.

மினிகாமின் வழக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். திறந்தவுடன் அதுவாகவே ஒரு நீளமான தொடக்க வரியை மோடத்துக்கு அனுப்பும்: ஏடி எஸ்7=45 என்று தொடங்கி க்யூ0 என்று முடியும். எல்லாம் சரியாக இருந்தால், நீங்கள் விசையைத் தொடும் முன்பே அந்த வரியும் அதன் கீழே ஓகேவும் திரையில் நிற்கும். நீங்கள் அடிக்கும் எழுத்துகள் திரையில் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள், ஏனெனில் அவற்றைத் திருப்பி அனுப்புவது மோடம். ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாக வந்தால் லோக்கல் எக்கோவும் சேர்ந்து எரிகிறது, அவ்வளவுதான், அதை அணைத்துவிடுங்கள். புரியாத குறிகளாக வந்தால் வேகமோ பாரிட்டியோ பொருந்தவில்லை.

இனி அந்த உள் கார்டு. அதை விட்டுவிடுங்கள். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து வந்த பிசிஐ கார்டுகளில் பெரும்பாலானவை வின்மோடம் என்று அழைக்கப்பட்டவை. கணினியின் தரவை ஒலியாக மாற்றும் வேலையை அவை கணினியின் தலையில் கட்டிவிட்டன. மென்பொருள் இல்லையேல் அது மோடமே அல்ல. லூசென்ட், கோனெக்சன்ட், ஸ்மார்ட் லிங்க், பிசிடெல், மோட்டோரோலா என்று ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு லினக்ஸ் டிரைவர் ஒரு காலத்தில் இருந்தது. அவற்றில் பலவற்றுக்கு மூலநிரல் முழுதாகக் கிடைக்காது. 32 பிட்டுக்கென்று கட்டிய மூடிய துண்டுகள் உள்ளே இருக்கும். கோனெக்சன்ட் சிப்புக்கு லினக்ஸன்ட் நிறுவனம் தந்த டிரைவரின் இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட்டோடு நின்றுவிடும், முழு வேகத்துக்குக் காசு கட்ட வேண்டும். இன்றைய 64 பிட் கெர்னலில் இவற்றை ஓட வைக்கப் போராடும் நேரத்தில் இன்னொரு வெளி மோடத்தை வாங்கிவிடலாம். விதிவிலக்கு உண்டு. கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தால் சீரியல் கன்ட்ரோலர் என்ற வகையில் அந்தக் கார்டு தெரிந்தால் அது உண்மையான மோடம்; யூஎஸ் ரோபாட்டிக்ஸின் 5610 அப்படிப்பட்டது. கம்யூனிகேஷன் கன்ட்ரோலர் என்று வந்தால் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள்.

சரி, ஓகே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது போன் கம்பியை எடுங்கள். லைன் என்றோ டெல்கோ என்றோ எழுதிய துளையில் சுவரிலிருந்து வரும் கம்பி, போன் என்ற துளையில் சாதாரணப் போன். அந்தப் போனை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் கேட்க வேண்டும். கேட்டும் மோடம் நோ டயல்டோன் என்று அடம்பிடிக்கலாம். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மோடம் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்த ஒலியை எதிர்பார்க்கும். தென்னாப்பிரிக்க டயல் டோன் அதுவல்ல. வாய்ஸ்மெயிலில் செய்தி காத்திருந்தால் டோன் விட்டுவிட்டு வரும், அதுவும் மோடத்தைக் குழப்பும். ஏடிஎக்ஸ்3 என்று கொடுத்தால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும், எங்கேஜ்டு ஒலியை மட்டும் கவனிக்கும். மினிகாமின் தொடக்க வரியில் டோனுக்குக் காத்திருக்கச் சொல்லும் எக்ஸ்4 இருப்பதால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உங்கள் எக்ஸ்3 அழிந்துபோகும். தொடக்க வரியையே மாற்றிவிடுங்கள். புதிதாக யூஎஸ்பி மோடம் வாங்கினால் ஏடி+ஜிசிஐ=9எஃப் என்று நாட்டைச் சொல்லிவிடுவதும் நல்லது; தென்னாப்பிரிக்காவின் குறியீடு அது.

மோடம் ஓகே சொல்கிறது, லைனைப் பிடிக்கும் ரிலே டிக் என்கிறது, ஏடிஎம்1எல்3 கொடுத்து ஸ்பீக்கரைத் திறந்தாலும் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் அதே சுவர்த் துளையில் போன் நன்றாக வேலை செய்கிறது என்றால், இடி மின்னலைச் சந்தேகிப்பேன். கோடை மழைக் காலத்தில் போன் கம்பி வழியாக வரும் ஒரு வீச்சு மோடத்தின் லைன் பக்கத்தைத் தீய்த்துவிட்டு, கணினிப் பக்கத்தை அப்படியே விட்டுவிடும். தலைகீழாகவும் நடக்கும்: சீரியல் சிப் மட்டும் போய், எம்ஆர் எரிந்தபடி வேறு எதற்கும் அசையாமல் மோடம் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் வீட்டில் வைத்தியம் இல்லை.

டயல் செய்வதற்கு முன் இன்னொரு வேலை. உங்கள் செல்போனிலிருந்து பம்ப் ஹவுஸ் எண்ணைக் கூப்பிட்டுக் காதில் வைத்துக் கேளுங்கள். அந்தப் பக்க மோடம் உயிரோடு இருந்தால், மணி அடித்து, எடுத்து, 2100 ஹெர்ட்ஸ் சுருதியில் நீண்ட பீப் ஒலி கேட்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தால் அங்கே மின்சாரம் இல்லை, அல்லது தானாக எடுக்கும் அமைப்பான எஸ்0 பூஜ்யமாகிவிட்டது. எண் பயன்பாட்டில் இல்லை என்று குரல் சொன்னால் நீங்கள் லேப்டாப்போடு போராடுவதில் பொருளே இல்லை. இங்கே லைன் தரும் டெல்காம் நிறுவனம் பல ஆண்டுகளாகச் செப்புக் கம்பி இணைப்புகளைக் குறைத்து ஃபைபருக்கும் கம்பியில்லா இணைப்புக்கும் மாற்றிவருகிறது. செப்புத் திருட்டும் அதற்கு ஒரு காரணம். பார்வைக்கு அதே மேசைப் போன்தான் இருக்கும், உள்ளே சிம் கார்டு இருக்கும். மனிதக் குரலுக்கென்று சுருக்கும் அந்த வழியில் மோடத்தின் ஒலி உருத்தெரியாமல் சிதைந்துவிடும். பீப் உங்கள் காதுக்குக் கேட்கும், ஆனால் இணைப்பு கிடைக்காமல் நோ கேரியர் என்ற செய்தியில் முடியும். இரண்டு முனையிலும் லைன் இன்னும் செம்புதானா என்று மாமாவிடம் கேளுங்கள். இதை என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. உங்கள் கதையில் பெரிய சந்தேகம் இதுதான்.

இரண்டு பக்கமும் செம்பு என்றால் ஏடிடிடி, பிறகு எண். இணைந்தால் கனெக்ட் என்று வேகத்தோடு வரும். 56 கிலோபிட்டை எதிர்பார்க்காதீர்கள். அது மறுமுனையில் டிஜிட்டல் இணைப்பு வைத்திருந்த இணையச் சேவைக்காரர்களுக்கு மட்டும் சாத்தியப்பட்டது. இரண்டு சாதாரண மோடம்களுக்கு நடுவே உச்சம் 33.6. பம்ப் மணிக் கணக்குக்கு 2400 போதும். அமெரிக்காவில் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் 2025 செப்டம்பர் 30-ல் டயல்-அப்பை மூடிவிட்டதே, இனி எப்படி என்று பயப்படவும் வேண்டாம். நீங்கள் இணையத்துக்குப் போகவில்லை, மாமாவின் பெட்டியைத்தான் கூப்பிடுகிறீர்கள். நடுவில் சேவைக்காரர் யாரும் தேவையில்லை.

கனெக்ட் வந்தும் கன்ட்ரோலர் பேசாவிட்டால், ஏடி&எம்0&கே0 என்று பிழைதிருத்தத்தையும் சுருக்கத்தையும் அணைத்துவிட்டு மறுபடி டயல் செய்து பாருங்கள். பழைய கன்ட்ரோலர்கள் சிலவற்றோடு இருக்கும் எளிய மோடம்களுக்கு அந்த ஆடம்பரம் ஒத்துக்கொள்ளாது. ஏழு பிட், ஈவன் பாரிட்டி கேட்கும் கன்ட்ரோலர்களும் உண்டு; பம்ப் ஹவுஸில் அதன் கையேடு தொங்கிக்கொண்டிருந்தால் எடுத்துப் பாருங்கள். எக்ஸ்பியில் ஓடிய மென்பொருளே வேண்டும் என்றால் அதை வைன் மூலம் லினக்ஸில் ஓட்டிப் பார்க்கலாம். வைனின் ரெஜிஸ்ட்ரியில் (அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) போர்ட்ஸ் என்ற பகுதியில் காம்1 என்ற பெயரை டிடிஒய்-யூஎஸ்பி-0 பக்கம் திருப்பிவிட வேண்டும். ஓடும் என்று உறுதி சொல்ல மாட்டேன், அது அந்த மென்பொருளைப் பொறுத்தது.

லைன் செம்பு இல்லை என்று தெரிந்தால் இந்த மோடத்துக்காக மேலும் ஒரு ராண்டு செலவழிக்க வேண்டாம். சீரியல் போர்ட் உள்ள 4ஜி மோடம் ஒன்றைப் பம்ப் ஹவுஸில் வைத்து, கன்ட்ரோலரை அதில் மாட்டுவதே வழி. சிக்னல் இருக்கிறதா என்று முதலில் செல்போனோடு போய் நின்று பார்த்துவிடுங்கள். செம்பு இருந்து, கிளிப் சோதனையும் தேறி, மோடம் இன்னும் மௌனமாகவே இருந்தால் மூன்று விஷயம் அனுப்புங்கள்: டிமெஸ்ஜின் கடைசி இருபது வரி, மோடத்தின் பின்பக்க ஸ்விட்சுகள் தெரியும் படம், ஏடி அடிக்கும்போது எந்தெந்த விளக்கு சிமிட்டுகிறது என்ற குறிப்பு. அதைப் பார்த்துவிட்டு மோடத்தை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்று சொல்கிறேன்.